மூன்று முறை கலக்கிய பாட்டு

அன்புள்ள சார்,

அமெரிக்க ராக் குழு மோட்லி க்ரூவின் ஹிட்ஸ் தொகுப்பு 'டிகேட் ஆஃப் டெகடன்ஸ்' பழைய சிடி கடையில் கிடைத்தது. தொகுப்பு என்றாலே முகம் சுளிப்பீர்கள், தெரியும். ஆனால் இந்த மாதிரி கிளாம் மெட்டல் (பளபள உடையும் மேக்கப்புமாக வாசிக்கும் ஹெவி மெட்டல்) குழுவுக்கு ஹிட்ஸ் மட்டும் போதாதா? பதினைந்து பாட்டும் ஒரே பலத்தோடு அடிக்கின்றன.

ஆர்.

அன்புள்ள ஆர்,

போதும். முகம் சுளிக்கவில்லை. 1985இல் வந்த அவர்களின் 'தியேட்டர் ஆஃப் பெய்ன்' ஆல்பத்தில் எனக்குத் தேறுவது 'ஹோம் ஸ்வீட் ஹோம்', அப்புறம் பிரவுன்ஸ்வில் ஸ்டேஷன் குழுவிடம் கடன் வாங்கிய 'ஸ்மோக்கின் இன் த பாய்ஸ் ரூம்'. இரண்டும் உங்கள் சிடியிலேயே இருக்கின்றன.

என் சந்தேகமே நீங்கள் பாராட்டும் அந்த 'ஒரே பலம்' மேல்தான். பத்து வருடப் பாட்டுகள் எப்படி ஒரே மாதிரி ஒலிக்கும்? 'லைவ் ஒயர்' 1981இல் சொந்த லேபிளில் வந்த முதல் ஆல்பத்தின் பாட்டு. மறுவருடம் எலெக்ட்ரா நிறுவனம் அந்த ஆல்பத்தை தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கரிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்து, அதாவது பதிவான குரல், கருவிகளின் அளவைப் புதிதாகக் கலந்து, வெளியிட்டது. நீங்கள் கேட்பது இந்தத் தொகுப்புக்காக 1991இல் செய்த மூன்றாவது மிக்ஸ். நடுவில் 1989இல் 'டாக்டர் ஃபீல்குட்' வந்துவிட்டது. வான்கூவரில் பாப் ராக் என்ற தயாரிப்பாளர் பதிவுசெய்த அந்த டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும். அவர்களுக்கு அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் ஆல்பம் அது. அந்த ஒலி பிடித்துப்போய்த்தான் மெட்டாலிகா குழுவும் அந்தத் தயாரிப்பாளரைத் தேடிப் போனது. அதற்குப் பிறகு பழைய பாட்டெல்லாம் சோனிப் பிள்ளையாகத் தெரிந்திருக்கும் போல. பழைய போட்டோவுக்கு டச்சப் செய்வதுபோலச் செய்துவிட்டார்கள்.

பலன் இல்லாமல் இல்லை. 1985இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பட்டியலில் 89ஆம் இடத்தோடு நின்ற 'ஹோம் ஸ்வீட் ஹோம்', புது மிக்ஸில் 37 வரை ஏறியது. தொகுப்பும் இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் அந்த 1991 செப்டம்பர் கடைசியில்தான் கிளாம் மெட்டலை ஓரங்கட்டிய நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தது. அடுத்த பிப்ரவரியில் பாடகர் வின்ஸ் நீல் குழுவிலேயே இல்லை.

இன்னொன்று. எட்டாம் இடம் வரை போன 'வித்தவுட் யூ' இதில் இல்லை. அதை விட்டுவிட்டு செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாட்டைப் பாடி வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் ஹிட்ஸ் தொகுப்பாம்!

சிடியை வைத்துக்கொள்ளுங்கள். 'லைவ் ஒயர்' மட்டும் முதல் ஆல்பத்தில் ஒருமுறை கேளுங்கள். மிக் மார்ஸின் கிடார் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல ஆரம்பிக்கும். வால்யூமைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.