இ.எஃப். 60, ஸ்ட்ரெய்ன் மட்டும் -13: எதை நம்புவது?

உங்கள் நோயாளியின் இதய எக்கோவில் இ.எஃப். (ஒரு துடிப்பில் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) 60, ஸ்ட்ரெய்ன் (தசை நீளவாக்கில் எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்பது, சுருக்கம் என்பதால் மைனஸ்) -13 என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம், ஆனால் விநாடிக்கு 32 ஃப்ரேமில் எடுத்த அந்த -13ஐ இப்போதைக்கு ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். ஸ்ட்ரெய்னைக் கணக்கிட, தசையின் புள்ளிகளை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பின்தொடரும் ஸ்பெக்கிள் டிராக்கிங்குக்கு விநாடிக்கு 50 முதல் 80 ஃப்ரேம் நல்லது. ரொம்பக் குறைந்தால் தசையின் புள்ளிகள் அடுத்த ஃப்ரேமுக்குள் தூரம் போய்விடும், மென்பொருள் அவற்றைத் தவறவிடும், எண்ணும் (மைனஸை விட்டுப் பார்த்தால்) குறைவாக வரும்.

செக்டரை (விசிறி வடிவப் படப் பரப்பை) குறுக்கி, ஆழத்தைக் குறைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி இதய நுனியிலிருந்து பார்க்கும் மூன்று ஏபிகல் வியூக்களையும் மறுபடி எடுங்கள். மெஷின் ஓகே சொல்லிவிட்டதே என்று விடாமல், லேட்டரல் (பக்கவாட்டு) சுவரில் மென்பொருள் வரைந்த கோடு தசையோடு சேர்ந்து ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள் (மெஷின் எதற்கும் ஓகே சொல்லும்). அப்புறம் எம்-மோடில் (ஒரு கோட்டின் மேலான அசைவை நேரத்தோடு காட்டும் முறை) மைட்ரல் வால்வின் வளையம் இதய நுனியை நோக்கி எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். 12 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் -13ஐச் சந்தேகப்படலாம். 8க்குக் கீழே என்றால் தசை உண்மையிலேயே தளர்ந்திருக்கிறது.

புதிய எண்ணும் குறைவாக வந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. பல வருடப் பிரஷர், தடித்த சுவர் என்கிறீர்கள். நீளவாக்கில் ஓடும் உள்ளடுக்கு இழைகள்தான் பெரும்பாலும் முதலில் தளரும், வட்டமாகச் சுருங்கும் நடு அடுக்கு ஈடுகட்டுவதால் இ.எஃப். அப்படியே நிற்கும்.

ஆனால் போன வருடம் டர்பன் நகரத்தில் எடுத்த -18ஐ உங்கள் சாட்ஸ்வர்த் (டர்பனின் புறநகர்) மெஷினின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், கம்பெனி வேறு என்றால் கணக்கும் மாறும். படம் எடுத்தபோது இருந்த பிபியையும் ரிப்போர்ட்டில் குறித்து வையுங்கள், 170இல் எடுத்தால் நல்ல இதயத்திலும் ஸ்ட்ரெய்ன் இறங்கும்.