வன்னிக்குள்ள கிறவல் சைக்கிள் ஓடப்போறீங்களோ? குளக்கட்டு, வாய்க்கால், காட்டு றோட்டு

யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, செகண்ட்ஹாண்டில ஒரு கிறவல் பைக் வாங்கிட்டன், 700க்கு 38 டயர், அதாவது 38 மில்லிமீற்றர் அகலம். மாசி மட்டில ரெண்டு கூட்டாளியளோட ரெண்டு நாள் வன்னிக்குள்ள ஓட ஆசை. ஆத்தங்கரை, காடு, வயல் எல்லாம் பாக்கோணும். கூகிள் மேப்பில காட்டுக்குள்ளால கோடு கோடா றோட்டு தெரியுது, அதால எல்லாம் போகலாமோ? ஆனைப் பயமோ?"

தம்பி, மேப்பில தெரியிற கோட்டை நம்பி ஒரு அடியும் இறங்காதேங்கோ. வன்னியில நீங்கள் நம்ப வேண்டியது இண்டைய தடத்தை மட்டும்தான். இண்டைக்குக் காலமை ஒரு மோட்டச்சைக்கிளோ லாண்ட்மாஸ்ரர் ட்ரக்டரோ போன தடம் மண்ணில தெரிஞ்சாப் போங்கோ, தெரியாட்டித் திரும்புங்கோ, அவ்வளவுதான். மேலால எடுத்த படத்தில தெரியிற பழைய மரக்காலை றோட்டு, சண்டைக் காலத்தில வெட்டின பாதை எல்லாம் இப்ப என்ன நிலையில கிடக்குதெண்டு படத்துக்குத் தெரியாது. 2009 இல சண்டை முடிஞ்சாலும் மிதிவெடி எடுக்கிற வேலை அதுக்குப் பிறகும் வருசக்கணக்கா நடந்துகொண்டுதான் இருக்கு. மண்டையோடு கீறின சிவப்புப் பலகை கண்டா அந்தப் பக்கம் காலே வைக்கக்கூடாது, பலகை இல்லாத இடத்திலயும் ஒண்டுக்கிருக்க எண்டு பத்தைக்குள்ள போகவேண்டாம், றோட்டு ஓரத்திலயே நில்லுங்கோ, வெக்கப்படுற விசயமில்ல. மழை வெள்ளம் அரிச்ச இடத்தில துருப்பிடிச்ச இரும்பு ஏதும் கிடந்தா தொடாம இடத்தை மட்டும் நினைவில வச்சு கிட்ட இருக்கிற கிராம சேவகரிட்டயோ பொலிசிலயோ சொல்லிப்போட்டுப் போங்கோ.

தடம் பாக்கிறது ஒண்டும் பெரிய வித்தையில்ல. புதுத் தடத்தில டயர்ப் பூ விளிம்பு கூரா நிக்கும், பழசெண்டா காத்து விளிம்பைக் கரைச்சு மேல சருகு விழுந்திருக்கும், எறும்பு குறுக்கால கோடு போட்டிருக்கும். ஆனை லத்தி கிடந்தா நிறத்தைப் பாருங்கோ, பச்சை கலந்து ஈரமா ஈ மொய்ச்சா அது கிட்டத்தான் எங்கயோ நிக்குது, சைக்கிளைத் திருப்புங்கோ. காஞ்சு தும்பா உதிர்ந்து போயிருந்தா நாள் கனக்க ஆச்சு.

மாசி எண்டது நல்ல முடிவு. ஐப்பசியில இருந்து மார்கழி முடியுமட்டும் மாரி, அந்த நேரம் வயல் றோட்டால போறது சைக்கிளுக்கும் கேடு உங்களுக்கும் கேடு. கிறவல் எண்ட சொல்லை எங்கட சனம் இந்த பைக் வர முதலே பாவிக்குது, அந்தச் சிவத்த கிறவல் போட்ட றோட்டு மழை விட்டு ஒரு நாளில ஓடக்கூடியதா வந்திடும், ஆனா வயல் பக்கத்துச் சாம்பல் களி அப்பிடியில்ல. நான் ஒருக்கா தை மாசம் குறுக்கு வழியெண்டு ஒரு களிமண் வரம்பு றோட்டில இறங்கி, இருநூறு மீற்றர் போகேக்க முன் சில்லுக்கும் ஃபோர்க்குக்கும் இடையில மண் இறுகி சில்லுச் சுத்தாமலே நிண்டிட்டுது. தடி எடுத்துக் கிண்டிக் கிண்டி, பிறகு தோளில தூக்கிக்கொண்டு வந்து சேர ரெண்டு மணித்தியாலம் போச்சு. ஒரு மழை பெஞ்சிருந்தாக்கூட அந்தக் களியை விட்டுட்டு கிறவலாலயே சுத்திப் போங்கோ.

காத்தையும் பாக்கோணும், இதைக் கனபேர் கணக்கெடுக்கிறேல்ல. வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் சோளகம் தென்மேற்கால இழுத்தடிக்கும், அப்ப மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுப் பக்கம் ஓடினா முதுகில தள்ளிக்கொண்டு போகும், எதிரா வந்தா அழுகைதான் வரும். மாசியில வாடை தணிஞ்சு வாற நேரம், அதனால எந்தப் பக்கமும் ஓடலாம்.

முதல் நாளைக்கு இரணைமடு வையுங்கோ. ரயிலில கிளிநொச்சி வரலாம், ஆனா எல்லா ரயிலிலயும் சைக்கிள் ஏத்த மாட்டினம், முதல் நாளே ஸ்டேசன் பார்சல் கவுண்டரில கேட்டு வையுங்கோ. கிளிநொச்சியில இருந்து ஏ9 பெரிய றோட்டில தெற்கால கொஞ்சம் வந்து இரணைமடுச் சந்தியில கிழக்கால திரும்பினா குளக்கட்டு. கனகராயன் ஆத்தை மறிச்சுக் கட்டின குளம் இது, காலமை ஆறு ஆறரைக்கு கட்டில நிண்டா ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணி, மற்றப் பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் வயல். எனக்கு வன்னியில இதைவிடப் பிடிச்ச இடம் வேற இல்ல. கட்டால கிழக்குப் பக்கம் கடக்கலாமோ எண்டு அண்டைக்கு அங்க நிக்கிற ஆக்களிட்டக் கேளுங்கோ, விடாட்டிச் சண்டை பிடிக்காம திரும்பி வட்டக்கச்சி றோட்டால சுத்துங்கோ. ஆமிக் காம்ப் வழிய போன், கமராவைப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ.

குளத்தின்ர கிழக்குப் பக்கமான வலதுகரையில இருந்து வாய்க்கால் றோட்டுகள் வட்டக்கச்சி, முரசுமோட்டைப் பக்கமா வடக்க இறங்குது. தண்ணி திறந்துவிடுற துருசுகளையும் மருத மர நிழலையும் தாண்டித் தாண்டிப் போகலாம், ஏத்தம் எண்டு ஒண்டுமே இல்ல, அரை நாளில பரந்தன் ஸ்டேசன் வந்திடும். மாசியில காலபோக அறுவடை நடக்கும், வெட்டுற மெசின் வாற றோட்டில இறங்கி ஓரத்தில நிண்டு வழி விடுங்கோ. நெல்லை றோட்டில காயப் போட்டிருப்பினம், அதுக்கு மேலால ஒருபோதும் சைக்கிளை விடாதேங்கோ, அது ஒரு குடும்பத்தின்ர ஆறு மாசச் சாப்பாடு. இறங்கி ஓரத்தால உருட்டிக்கொண்டு போனீங்களெண்டா அந்த அம்மாவே கூப்பிட்டு தண்ணி தருவா.

ரெண்டாம் நாள் காடு. காலமை மாங்குளம் வந்து ஏ34 றோட்டில கிழக்க, முல்லைத்தீவு மட்டும் ஐம்பது கிலோமீற்றர் அளவு, முத்தையன்கட்டுக்குப் போய் வந்தா அதுக்கு மேல வரும். பாலை, வீரை, முதிரை எண்டு ரெண்டு பக்கமும் காடு, இஞ்சதான் ஆனை விசயம். வெயிலுக்குப் பயந்து விடியப்புறம் அஞ்சு மணிக்கு வெளிக்கிடோணும் போல இருக்கும், குளக்கட்டு நாளில அது சரி, காட்டு நாளில செய்யாதேங்கோ. ஏழு மணிக்குப் பிறகு, பஸ்சும் பால்காரரும் ஓடத் தொடங்கினாப் பிறகு இறங்குங்கோ, பின்னேரம் நாலரைக்கு முதல் ஊருக்குள்ள வந்திடுங்கோ. சைக்கிளுக்குச் சத்தம் இல்ல, அதுதான் ஆபத்து, வளைவில ஆனைக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது, அதனால வளைவுக்கு முன்னம் பெல் அடிச்சுக் கதைச்சுக்கொண்டு போங்கோ. கண்டா நிண்டு, மெதுவாப் பின்வாங்கி, அடுத்த பஸ்சோ ட்ரக்டரோ வருமட்டும் காத்திருங்கோ. தனியன் எண்டா இன்னும் தூரம் வையுங்கோ.

ஒட்டுசுட்டானில தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில இளைப்பாறி, அங்க இருந்து முத்தையன்கட்டுக் குளத்துக்கு ஒரு சுத்து வாங்கோ. குளத்தில குளிக்கிறதெண்டா ஊர்ச் சனம் குளிக்கிற துறையில மட்டும், முதலை இருக்கிற குளங்கள் இது. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில பண்டாரவன்னியன் தோத்த இடமெண்டு 1803 ஆம் ஆண்டைக் குறிச்ச கல் இருக்கு, பாக்காம போகாதேங்கோ. பிறகு முள்ளியவளை, வற்றாப்பளை அம்மன் கோயில், அதுக்கங்கால நந்திக்கடல். கரை வெயிலுக்குக் காஞ்சு வெடிச்சு றோட்டு மாதிரிக் கிடக்கும், நம்பி இறங்கினா உள்ளுக்குச் சேறு, முழங்கால் மட்டும் போகும். அந்தக் கரையில எங்கட சனம் பட்டதை நினைச்சு கொஞ்ச நேரம் சைக்கிளை நிப்பாட்டிச் சும்மா இருங்கோ. திரும்பி வர முல்லைத்தீவில ஒரு பட்டா வாகனம், அதுதான் அந்தச் சின்ன லொறி, பிடிச்சா மூண்டு சைக்கிளும் மூண்டு பேரும் தாராளமா வரலாம், கூலியை ஏற முதலே பேசுங்கோ.

டயர் விசயம். உங்கட 38 டயர் குளக்கட்டில ஓடும், ஆனா ஃபிரேமில இடம் இருந்தா 42, 45 மில்லிமீற்றர் போடுங்கோ. எழுபது கிலோ ஆளுக்கு 35 பி.எஸ்.ஐ. மட்டில போதும், கல்லுமாதிரி இறுக்கினா தகரம் மாதிரி அலை விழுந்த கிறவலில கை விறைச்சுப் போகும். விடத்தல் முள்ளும் நெருஞ்சியும் விடாது, டியூப்லெஸ் எண்டா நல்லம், ஆனா எங்கட வெயிலுக்குள்ள ஓட்டை அடைக்க உள்ள ஊத்தின பால் கெதியாக் காயும், வெளிக்கிட முதல் குலுக்கிப் பாருங்கோ.

ஊர்ச் சைக்கிள் கடையில டியூப் கிடைக்கும் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. லுமாலா சைக்கிளுக்குப் போடுற டியூப் வால்வ் மொத்தம், உங்கட றிம் ஓட்டை மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் துளைச்சதா இருந்தா அது நுழையவே நுழையாது. ஆளுக்கு ரெண்டு டியூப், ஒட்டுப்பெட்டி, சின்னப் பம்ப், பம்ப் தலை வால்வுக்குப் பொருந்துதோ எண்டு வீட்டிலயே பாத்து வையுங்கோ. தண்ணி ஆளுக்கு மூண்டு லீற்றர், கிணத்துத் தண்ணி கன இடத்தில கல்லுத் தண்ணி, சுத்திகரிச்ச தண்ணி விக்கிற இடம் ஊருக்குள்ள இருக்கு, அதில நிரப்புங்கோ. முதல் நாள் பரந்தனில முடிச்சாப் பிறகு காலில சக்தி மிஞ்சினா ஏ9 ஆல முறிகண்டிப் பிள்ளையாரடிக்கு வந்து கும்பிட்டு ஒரு சுருள் கச்சான் வாங்குங்கோ, அடுத்த நாள் காட்டுக்குள்ள கடை இல்லாத இடத்தில அதுதான் உதவும்.