போக்கர்: 1/2 மேசையில் எவ்வளவு பணத்தோடு உட்காரலாம்? சில கேள்விகள், பதில்கள்

லாஸ் வேகாஸ் போகிறவர்கள், டெக்ஸாஸ் கிளப்களில் வார இறுதியில் ஆடுகிறவர்கள் என்று பலரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது இதைத்தான். நோ-லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் வகையின் சின்ன மேசைகளுக்கான பதில்கள் இவை. அதில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்).

கேள்வி: முதல் தடவை வேகாஸ் போகிறேன். 1/2 மேசையில் குறைந்தது 100 டாலர், அதிகபட்சம் 300 என்கிறார்கள். பயமாக இருப்பதால் 100-க்கு மட்டும் சிப்ஸ் வாங்கலாமா?

வாங்கலாம், தப்பில்லை. 100 வாங்கி வைத்துக்கொண்டு 300 வைத்திருப்பவர் மாதிரி ஆடுவதுதான் தப்பு. முதலில் டாலரில் எண்ணுவதை விட்டுவிட்டு பிக் பிளைண்டில் எண்ணிப் பழகுங்கள். பிளைண்ட் என்பது சீட்டுப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் பணம்; 1/2-ல் சின்னது 1 டாலர், பிக் பிளைண்ட் 2 டாலர். 1/2-ல் 100 டாலர் என்றால் 50 பிக் பிளைண்ட், 200 என்றால் 100, 300 என்றால் 150. எந்தச் சீட்டோடு உள்ளே போகலாம், எதை மடக்க (போட்டுவிட்டு விலக) வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணைப் பொறுத்ததுதான்.

ஒரு கையை, அதாவது ஒரு சுற்று ஆட்டத்தைப் பார்ப்போம். உங்களிடம் ஜோடியாக இரண்டு ஆறு, முன்னால் 60 டாலர். ஒருவர் 10 டாலருக்கு ரெய்ஸ் செய்கிறார் (பந்தயத்தை உயர்த்துகிறார்), ஃபிளாப்பில் இன்னொரு ஆறு விழுமா என்று பார்க்க நீங்கள் கால் செய்கிறீர்கள் (அதே தொகையைப் போடுகிறீர்கள்). அது சராசரியாக எட்டரை தடவைக்கு ஒரு தடவைதான் விழும், அதாவது ஒரு தடவை விழுவதற்குள் பத்துப் பத்தாக 75 டாலர் போயிருக்கும். விழுந்த கையில் எதிராளி கடைசி வரை வந்து கொட்டிக் கொடுத்தாலும் அவரிடமிருந்து உங்களுக்குக் கிடைப்பது 60, பிளைண்டில் கிடப்பது இன்னொரு 3. ஆக, எல்லாம் நினைத்தபடி நடந்தாலும் நஷ்டம். இதே கால் 200 டாலர் இருந்தால் நியாயமாகிறது. ஆனால் எதிராளி எல்லாக் கையிலும் அப்படிக் கொடுக்க மாட்டார், அதனால்தான் கால் செய்யும் தொகையைப் போல 15, 20 மடங்காவது இரண்டு பேரிடமும் இருக்க வேண்டும் என்று சொல்வது.

அதனால் 100 டாலரோடு உட்கார்ந்தால் சின்ன ஜோடி, ஆட்டீன் ஏழு-எட்டு மாதிரி அழகாகத் தெரியும் சீட்டுகளை ரெய்ஸுக்கு எதிரே மடக்கிவிடுங்கள். பெரிய ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின் இவைதான் உங்கள் ஆட்டம்.

கேள்வி: குறைந்த தொகையில் உட்கார்ந்தால் "தைரியம் இல்லையா" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்களிடம் 80 டாலர், கையில் ஏஸ்-கிங். ஒருவர் 10-க்கு ரெய்ஸ், இரண்டு பேர் கால், பிளைண்டோடு சேர்த்து பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 33. நீங்கள் ஆல்-இன் போகிறீர்கள், அதாவது இருப்பது மொத்தத்தையும் வைக்கிறீர்கள். எல்லாரும் மடக்கினால் ஃபிளாப் பார்க்காமலே 33 டாலர். ஒருவர் குயின் ஜோடியோடு கால் செய்தாலும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, நூறில் 43 முதல் 46 தடவை நீங்கள் ஜெயிப்பீர்கள், மற்ற இரண்டு பேர் போட்டுவிட்டுப் போன பணமும் நடுவில் கிடக்கும். ஐந்து சீட்டையும் பார்த்துவிடுவீர்கள், அதற்கப்புறம் உங்களை யாரும் பயமுறுத்தி மடக்க வைக்க முடியாது. இதே கையில் 300 வைத்திருப்பவருக்கு இப்படி ஓர் எளிய வழி கிடையாது. அவர் 50-க்கு ரெய்ஸ் செய்து, கால் வந்தால் டர்ன், ரிவர் என்று ஒவ்வொன்றிலும் யோசித்தாக வேண்டும்.

ஃபிளாப்புக்குப் பிறகு எப்படி ஆடுவது என்று இன்னும் பிடிபடாதவருக்கு 40, 50 பிக் பிளைண்ட் நல்ல தொகை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எப்போதும் அதிகபட்சமான 300-தான் வாங்குகிறேன். ஆனால் டாப் பேர் (நடுவில் விழுந்த பெரிய சீட்டோடு ஜோடி) வந்த கைகளில்தான் மொத்தமும் போகிறது. ஏன்?

நீங்கள் கிங்-குயினோடு 12-க்கு ரெய்ஸ் செய்து இரண்டு பேர் கால் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட் 39. ஃபிளாப் கிங், எட்டு, ஐந்து. 25 போடுகிறீர்கள், ஒருவர் வருகிறார். பாட் 89.

உங்களிடம் ஆரம்பத்தில் 100 இருந்திருந்தால் இப்போது மிச்சம் 63. டர்னில் அதை உள்ளே தள்ளிவிட வேண்டியதுதான், யோசிக்க ஒன்றுமில்லை. சில சமயம் தோற்பீர்கள், ஆனால் சின்ன கிங், எட்டு, பாதி ஸ்ட்ரெய்ட் (இன்னும் முடியாத ஐந்து சீட்டு வரிசை) எல்லாம் வைத்துக்கொண்டு கால் செய்கிறவர்கள் இந்த மேசைகளில் ஏராளம்.

300-ல் ஆரம்பித்திருந்தால் மிச்சம் 263. டர்னில் 55 போடுகிறீர்கள், அதுவரை அமைதியாக இருந்த ஆள் 160-க்கு ரெய்ஸ் செய்கிறார். இன்னும் 105 போட்டு, ரிவரில் மிச்சம் 103-க்கும் பதில் சொல்ல வேண்டும். சின்ன மேசைகளில் டர்னிலும் ரிவரிலும் பெரிய ரெய்ஸ் வந்தால் அது வெறும் மிரட்டலாக இருப்பது அபூர்வம், அவரிடம் பெரும்பாலும் இரண்டு ஜோடியோ செட்டோ (ஒரே எண் மூன்று சீட்டு) இருக்கும். கிங்கை மடக்க வேண்டும். ஃபிளாப்பில் ஜோடி சேர்ந்த சந்தோஷத்தில் அதை மடக்க மனசு வராது, உங்கள் பணம் போவது அங்கேதான். மடக்கப் பழகும் வரை 200-ல் ஆடிப் பாருங்கள். அதிலும் முடியவில்லை என்றால் இன்னும் இறங்குங்கள்.

நன்றாக ஆடுகிறவர், மடக்கத் தெரிந்தவர், அவருக்கு அதிகபட்சம்தான் லாபம். தப்பு செய்கிற ஆளிடம் 400 இருக்கும்போது நீங்கள் 100-ஓடு உட்கார்ந்தால் அவரிடமிருந்து ஒரு கையில் வாங்க முடிவது 100 மட்டும்.

கேள்வி: மேசையில் எல்லாரிடமும் 80, 100 தான் இருக்கிறது. நான் 300 வாங்கினால் சாதகமா?

இல்லை. ஒரு கையில் இரண்டு பேருக்கு நடுவே யாரிடம் குறைவாக இருக்கிறதோ அந்தத் தொகைதான் ஆட்டத்தில் இருக்கிறது. 80 வைத்திருப்பவரோடு மோதினால் உங்களுடையதும் 80 தான், மிச்சம் சும்மா கிடக்கும். அப்படிப்பட்ட மேசையில் 100 வாங்கினால் போதும், பெரிய ஸ்டாக் (நிறைய சிப்ஸ்) உள்ளவர் யாராவது வந்து உட்கார்ந்தால் கைகளுக்கு நடுவே டாப் அப் செய்துகொள்ளலாம். அவர் என் வலது பக்கம் இருந்தால் கூடுதலாக வாங்குவேன், ஏனென்றால் அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நான் ஆடலாம். நன்றாக ஆடுகிற பெரிய ஸ்டாக் என் இடது பக்கம் இருந்தால் வாங்க மாட்டேன், இடம் மாறக் கேட்பேன்.

கேள்வி: 150 வாங்கினேன், இரண்டு மணி நேரத்தில் 420 ஆகிவிட்டது. 250-ஐப் பையில் போட்டுக்கொண்டு மிச்சத்தோடு ஆடலாமா?

கூடாது. மேசையில் இருக்கும் சிப்ஸ் நீங்கள் எழுந்து போகும் வரை மேசையிலேயே இருக்க வேண்டும். டீலருக்கு டிப்ஸ் கொடுப்பது, குடிக்க ஏதாவது வாங்குவது மட்டும் விலக்கு. பெரிய ஸ்டாக்கோடு ஆட வசதியாக இல்லையென்றால் மொத்தமாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உடனே அதே ஆட்டத்துக்குத் திரும்பினால் எடுத்துக்கொண்டு போன தொகையோடுதான் உட்கார வேண்டும் என்று பல இடங்களில் விதி இருக்கிறது, எவ்வளவு நேரத்துக்கு என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரேக் (ஆட்டம் நடத்துகிறவர் பாட்டிலிருந்து எடுக்கும் பங்கு) சின்ன ஸ்டாக்கைத்தான் அதிகம் கடிக்கிறது என்கிறார்களே?

சின்ன பாட்டைக் கடிக்கிறது என்று சொன்னால் சரியாக இருக்கும். பாட்டில் பத்து சதவீதம், உச்சம் 5 டாலர் என்று வைத்துக்கொண்டால் 40 டாலர் பாட்டில் 4 போகிறது. ஜாக்பாட்டுக்கு எடுப்பது, டீலருக்குக் கொடுக்கும் 1 டாலர் இதெல்லாம் தனி. 200 டாலர் பாட்டிலும் அதே 5 தான். ஃபிளாப் வராமலே கை முடிந்தால் பல இடங்களில் ரேக்கே கிடையாது, அதனால் முன்பு சொன்ன ஏஸ்-கிங் ஆல்-இன் மாதிரி கைகளுக்கு அடி இல்லை. எல்லாக் கையிலும் 2 டாலர் போட்டு ஃபிளாப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் ராத்திரி முழுக்க வழிந்துகொண்டே போகும். டெக்ஸாஸ் கிளப்களில் பாட்டிலிருந்து எடுக்காமல் உட்காரும் நேரத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள், கணக்கு வேறு.

கேள்வி: கையில் மிச்சம் 1000 டாலர் இருக்கிறது. 300 வீதம் வாங்கி ஆடலாமா?

வேண்டாம். அது மூன்று தடவைக்குத்தான் வரும். ஏஸ் ஜோடியே கிங் ஜோடியிடம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தடவை தோற்கும், நன்றாக ஆடுகிறவர்களுக்கும் ஒரே ராத்திரியில் மூன்று பை-இன் (ஒரு தடவை சிப்ஸ் வாங்கும் தொகை) போவது நடக்கிற விஷயம்தான். தொடர்ந்து ஆட நினைப்பவர்கள் 20, 30 பை-இன் தனியாக ஒதுக்கி வைப்பார்கள். எப்போதாவது ஆடுகிறவருக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் அன்றைக்கு முழுசாகப் போனாலும் வாடகையோ ஊருக்கு அனுப்பும் பணமோ பாதிக்காத தொகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள். அது 200 என்றால் நூறு நூறாக இரண்டு தடவை. டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு இரண்டையும் ஹோட்டல் அறை லாக்கரில் வைத்துவிட்டு இறங்குங்கள். இரண்டாவது நூறும் போன அந்த நேரத்தில், காசினோக்குள் இருக்கும் ஏடிஎம் வரைக்கும் நடந்து போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் திரும்பி வருவதைப் பார்த்தது மிகக் குறைவு.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். இதையெல்லாம் ஆன்லைனில் சின்னத் தொகைக்கு ஆடிப் பழகலாமா?

பணம் வைத்து வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வித்தியாசமே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. வெறும் பிளே சிப்ஸில் 50 பிக் பிளைண்டோடு ஒரு வாரம், 100-ஓடு ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். காசு இல்லாத மேசையில் மற்றவர்கள் கண்டபடி கால் செய்வார்கள், அதனால் ஜெயித்ததையும் தோற்றதையும் பார்க்காமல், எந்தத் தொகையில் எந்த இடத்தில் முடிவெடுக்கத் திணறினீர்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.