வார்டுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?

கேள்வி: அக்கா, நாங்கள் தக்கலைப் பக்கம். என் மகன் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டான், 1 கிலோ 250 கிராம்தான் இருந்தான். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் 41 நாள் இருந்தோம். இப்போது 8 கிலோ 200 கிராம், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். அந்த வார்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. மஸ்கட்டில் இருக்கும் பிள்ளையின் பெரியப்பா, அவன் குழாயோடு கிடந்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, என் வீட்டுக்காரர் ஜிபே நம்பரில் 5 லட்சம் சேர்த்து ஒரு மெஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார். இருபது டப்பா பால் பவுடரும் அனுப்பப் போகிறாராம். மாமியாரோ, பிள்ளையைக் காட்டிப் பிச்சை எடுக்கணுமா, கண்ணு பட்டுடும் என்று அழுகிறார். இவர் வாயே திறப்பதில்லை. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், தக்கலை

பதில்:

41 நாள் என்று படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுவதற்குக்கூடப் பிள்ளை உங்கள் கையில் இருந்திருக்க மாட்டானே. என் தங்கை மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தபோது நானும் இப்படி ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தங்கை பாலைப் பீச்சி, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு போவாள், சில நேரம் 5 மில்லிதான் இருக்கும், அதை சிஸ்டர் ஒரு சொட்டு சிந்தாமல் பாலாடையில் ஊற்றிப் பிள்ளையின் உதட்டோரம் வைப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அதனால் உங்கள் ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கண்டிப்பாகச் செய்யுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எல்லாரும் பேசுகிறார்கள், அந்த வார்டு மட்டும் பேசவில்லை. அங்கே என்ன தேவை என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, இல்லையா? காசு சேர்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் நீங்களே போய் அந்த வார்டு சிஸ்டரையும் குழந்தைகள் டாக்டரையும் பார்த்து, என்ன இருந்தால் உங்களுக்கு உதவி என்று கேளுங்கள்.

மெஷின் என்றதும் நமக்கு நிறைவாக இருக்கிறது, பெயர் எழுதி வைக்கலாம், படம் எடுக்கலாம். ஆனால் அதற்கு மாதாமாதம் மாற்ற வேண்டிய குழாய், சென்சார், பழுதானால் வந்து பார்க்க ஆள், இதெல்லாம் யார் தருவது? வார்டு கேட்காத மெஷினை வாங்கி வைத்தால் அது துணி போர்த்தி மூலையில் நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். பெரிய கருவிகளை அரசு ஆஸ்பத்திரிகளுக்கு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தருகிறது, அதற்கென்று வழி இருக்கிறது. விட்டுப்போவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். பால் பீச்ச ஒரு மறைவான இடம், அதற்கு ஒரு திரை, ராத்திரியில் தாய்மார்களுக்கு வெந்நீர், துணி துவைக்க ஒரு வாஷிங் மெஷின். சாய்ந்து உட்காரும் நாற்காலியும் கேட்டுப் பாருங்கள். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அணைத்து வைக்கச் சொல்வார்களே, கங்காரு முறை, அது 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் தவித்த ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கியது. அதற்கு வேண்டியது தாயின் உடம்புச் சூடும் மணிக்கணக்காகச் சாய்ந்திருக்க ஓர் இடமும்தான். தையல் பிரியாத வயிற்றோடு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளையை அணைத்திருந்த என் தங்கையின் முதுகு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

பால் பவுடரை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால் மருந்து மாதிரி என்பது உங்களுக்கே சொல்லித் தந்திருப்பார்கள். அது மட்டுமல்ல, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைப் பால் பவுடரையும் பால் புட்டியையும் தானமாகக் கொடுப்பதே தவறு, அனாதை இல்லங்களுக்கு மட்டும்தான் விலக்கு. பெரியப்பா நல்ல மனதோடு செய்கிறார், அவருக்கு இது தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். உங்கள் வீட்டுக்காரர் நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வரக்கூடாது, தங்கச்சி. பத்து வருடம் முன்பு எங்கள் ஊரில் ஒரு பையனின் ஆபரேஷனுக்கு நான் வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பணம் அப்பாவின் கணக்குக்குப் போனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அடுத்த வருடம் அந்த அப்பா தவணையில் ஒரு பழைய பைக் வாங்கினார். அவ்வளவுதான், நம்ம காசு ஓடுது பாரு என்று சந்தியில் நின்று பேசினார்கள். அந்த மனிதர் ஒரு பைசா எடுக்கவில்லை என்று நோட்டு வைத்திருந்த எனக்குத் தெரியும், ஆனால் எத்தனை பேரிடம் போய் நோட்டை விரித்துக் காட்டுவது? கடைசியில் அவர் அந்தத் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டார். இதை நான் மறக்கவே இல்லை.

அதனால் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு, நன்கொடையை அதன் மூலம் வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பவர் நேரே அந்தக் கணக்குக்கு அனுப்பட்டும், ரசீது அவர் பெயரிலேயே வரட்டும். பொருளாகக் கொடுப்பதானால் கடைக்காரருக்கே நேரடியாகப் பணம் போகும்படி செய்து, பில்லை எல்லாருக்கும் காட்டுங்கள், ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். வரிச்சலுகை உண்டா என்றும் கேட்டுவையுங்கள். உண்டு என்றாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது. மஸ்கட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக்கான சட்டக் கட்டுப்பாட்டில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த சொந்தக்காரர் கொடுப்பதாக இருந்தால் மட்டும் முதலில் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படம் வேண்டாம். உங்கள் மாமியார் கண்ணு படும் என்று சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன், அவர் வேறு வார்த்தையில் சரியானதைத்தான் சொல்கிறார். மூக்கில் குழாயோடு கிடந்த அந்தப் படம் ஒரு தடவை குரூப்பில் போனால் திரும்பி வராது. உங்கள் மகன் நன்றாக ஓடியாடித் திரிகிற வயதிலும் யாரோ ஒருவர் 'உயிருக்குப் போராடும் குழந்தை' என்று அதைச் சுற்றவிட்டுக்கொண்டிருப்பார், அதில் வேறு யாருடைய ஜிபே நம்பராவது இருக்கும். படம் இல்லாமலே நாலு வரி எழுதினால் போதும், உங்களைத் தெரிந்தவர்கள் கொடுப்பார்கள்.

பிச்சை என்ற வார்த்தையை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்துக் கோயிலுக்குக் கொடுத்த பெண்கள் இருந்த ஊர் இது. நம் மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மருத்துவப் பணி தொடங்கியது 1838இல், ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதா என்ன? சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு ஏத்தன் வாழைக்குலை சந்தை விலையைப்போல் பத்து மடங்குக்குப் போவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் நம் ஆட்கள் அப்படித்தான் கேட்பார்கள். நீங்கள் எந்தக் கோயில் என்று எனக்குத் தெரியாது, எதுவானாலும் சரி, பிறந்தநாள் அன்று வீட்டு முற்றத்தில் இரண்டு மட்டி வாழைக்குலையும் நாலு தேங்காயும் வைத்து ஒரு சின்ன ஏலம் போடுங்கள். மாமியார் கையாலேயே முதல் குலையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 5 லட்சம் வராது. 40,000 வந்தால் சில நாற்காலிகள் வாங்கலாம்.

உங்கள் வீட்டுக்காரர் பேசாமல் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த 41 நாளும் அவர் வெளியே நின்றிருப்பார், அப்பாக்களை உள்ளே விடுவது குறைவு. அவரைத் திட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள்.

பையனை அடுத்த முறை கண், காது பரிசோதனைக்கோ ரிவ்யூவுக்கோ கொண்டுபோவீர்கள் அல்லவா, அன்றைக்கே அந்த வார்டுக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு போங்கள், அவரும் கூட வரட்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கிற படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டு, கீழே 1 கிலோ 250 கிராம், 8 கிலோ 200 கிராம் என்று இரண்டு எடையை மட்டும் எழுதி, பெயர் போடாமல், சிஸ்டரிடம் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் தாய்மார்கள் பால் பீச்ச உட்காரும் இடத்துச் சுவரில் ஒட்டட்டும்.