கணினிக் கேள்வி பதில்: ஜாவாவில் டெஸ்க்டொப் செயலிகள்

திருகோணமலை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஜாவா பற்றியவை இம்முறை.

உவர்மலையிலிருந்து ஒரு மாணவி: பழைய பயிற்சிப் புத்தகத்தில் உள்ள ஜாவாஎஃப்எக்ஸ் (ஜாவாவில் ஜன்னல், பொத்தான் செய்யும் கருவித்தொகுப்பு) நிரலை ஜேடிகே (ஜாவா நிரல் எழுதும் கருவித்தொகுதி) 17இல் ஓட்டினால், "ஜாவாஎஃப்எக்ஸ் ரன்டைம் கொம்பொனன்ட்ஸ் ஆர் மிஸ்ஸிங்" என்று வந்து நின்றுவிடுகிறது. எங்கே பிழை?

பிழை நிரலில் இல்லை. உங்கள் புத்தகம் ஜாவா 8 காலத்தது. அப்போது ஒரக்கிள் ஜேடிகேயோடு ஜாவாஎஃப்எக்ஸும் சேர்ந்தே வந்தது. 2018இல் வெளியான ஜாவா 11இல் அதைப் பிரித்துவிட்டார்கள். இப்போது ஓப்பன்ஜேஎஃப்எக்ஸ் என்ற பெயரில் நாமே சேர்க்க வேண்டும். மேவன் (வேண்டிய நூலகங்களைத் தானே இறக்கிச் செயலியைக் கட்டும் கருவி) திட்டம் ஒன்றைத் தொடங்கி, அதன் போம் (pom.xml) கோப்பில் ஜாவாஎஃப்எக்ஸ் கொன்ட்ரோல்ஸ், எஃப்எக்ஸ்எம்எல் இரண்டையும் 21ஆம் பதிப்பில் போடுங்கள். அதற்கு ஜேடிகே 17 போதும். ஜாவாஎஃப்எக்ஸ் 23 என்றால் ஜேடிகே 21 கேட்கும்.

அதன் பிறகும் எடிட்டரில் பச்சை பொத்தானை அழுத்தினால் அதே செய்தி வரலாம். மெயின் வகுப்பு (நிரல் தொடங்கும் வகுப்பு) ஜாவாஎஃப்எக்ஸின் அப்ளிகேஷன் வகுப்பின் வாரிசாக இருந்தால், ஜாவா தொடங்கும்போதே ஜாவாஎஃப்எக்ஸை மொடியூலாகத் தேடும்; கிடைக்காவிட்டால் உங்கள் நிரலைத் தொடாமலே நின்றுவிடும். லோஞ்சர் என்று வாரிசு உறவில்லாத ஒரு சின்ன வகுப்பு எழுதி, அதன் மெயினிலிருந்து பழைய மெயினைக் கூப்பிட்டால் ஓடும். "அன்சப்போர்ட்டட் கொன்ஃபிகரேஷன்" என்று ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான்.

நிலாவெளி, விருந்தினர் விடுதி ஒன்றிலிருந்து: அறை முன்பதிவுகளை மைஎஸ்கியூஎல் தரவுத்தள சேவரிலிருந்து எடுத்து டேபிள்வியூவில் (ஜாவாஎஃப்எக்ஸின் அட்டவணை) காட்டுகிறோம். சீசன் நேரத்தில் "தேடு" பொத்தானை அழுத்தினால் ஜன்னல் வெளுத்து "நொட் ரெஸ்பொன்டிங்" ஆகிறது. இன்னொன்று, ரத்தான பதிவுகளுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தோம். உருட்டும்போது நல்ல பதிவுகளும் சிவப்பாகின்றன.

திரையை மாற்றுவதற்கும் பொத்தான் அழுத்தலைக் கவனிப்பதற்கும் ஜாவாஎஃப்எக்ஸில் ஒரே ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) தான். அதையே சேவருக்கு அனுப்பிக் காக்க வைத்தால் திரையை யார் பார்த்துக்கொள்வது? தேடலை டாஸ்க் (பின்னணி வேலைக்கான ஜாவாஎஃப்எக்ஸ் வகுப்பு) வகுப்பின் கோல் (call) முறைக்குள் போட்டு, தனி த்ரெட்டில் ஓட விடுங்கள். கோல் முறை பட்டியலைத் திருப்பித் தரட்டும். அதை டேபிளில் போடுவது வேலை வெற்றியாக முடிந்ததும் ஓடும் செட்ஒன்சக்சீடட் பகுதியில், ஏனென்றால் அது மறுபடி திரைத் த்ரெட்டில் ஓடும். கோலுக்குள்ளிருந்தே டேபிளின் பட்டியலைத் தொடாதீர்கள். அதில் வரும் வினை என்னவென்றால், பத்துத் தடவை ஒழுங்காக ஓடும், பதினோராவது தடவை டேபிள்வியூவின் உள்ளே எங்கோ வெடிக்கும். காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. "ஏற்றுகிறது..." என்று காட்ட விரும்பினால் அப்டேட்மெசேஜ் இருக்கிறது.

பலரும் விட்டுவிடுவது, வேலை தோற்றால் ஓடும் செட்ஒன்ஃபெயில்ட். சேவர் இணைப்பு அறுந்தால் டாஸ்க் அந்தப் பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்; வெற்றுப் பட்டியலைப் பார்த்து வரவேற்பில் இருப்பவர் "இன்றைக்கு ஒரு பதிவும் இல்லை" என்று நினைத்துக்கொள்வார். விடுதித் தொழிலில் இது சின்ன விஷயமல்ல. அதில் கெட்எக்செப்ஷன் தரும் பிழையை எடுத்து ஒரு செய்திப் பெட்டியில் காட்டுங்கள். த்ரெட்டை டீமனாக்கவும் (செயலி மூடினால் தானும் நிற்கும் வகை) மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் தேடல் ஓடும்போது ஜன்னலை மூடினால், செயலி டாஸ்க் மனேஜரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நிறப் பிரச்சினைக்கு வருவோம். டேபிள்வியூ ஒவ்வொரு பதிவுக்கும் தனி வரிசை செய்வதில்லை. திரையில் தெரியும் வரிசைகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். முன்பு சிவப்பான வரிசைக்கு அடுத்த பதிவு வரும்போது நிறமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. வரிசைக்குப் புதுப் பதிவு வரும்போது ஓடும் அப்டேட்ஐட்டம் முறையில் ரத்தானதற்குச் சிவப்பு என்று மட்டும் எழுதாமல், மற்ற எல்லாவற்றுக்கும், வெற்று வரிசைக்கும் சேர்த்து, நிறத்தை நீக்கும் வரியையும் எழுதுங்கள்.

மூதூர் வாசகர்: ஜாவாவின் பழைய ஜன்னல் கருவித்தொகுப்பான ஸ்விங் செத்துவிட்டதா?

இல்லை. இன்றும் ஜேடிகேக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் சேர்க்கத் தேவையில்லை. ஃபிளாட்லாஃப் தோற்றத்தைப் போட்டால் பார்வைக்கும் குறையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விங் செயலியை மாற்றி எழுதுவது வீண் வேலை. புதிதாகத் தொடங்குபவர் ஜாவாஎஃப்எக்ஸ் எடுப்பது நல்லது: சிஎஸ்எஸ் (தோற்றத்தைத் தனிக் கோப்பில் எழுதுவது), சீன் பில்டர் (திரையை இழுத்துப் போட்டு வடிவமைக்கும் கருவி), பைண்டிங் (ஒரு மதிப்பு மாறினால் மற்றதும் மாறும் இணைப்பு) மூன்றும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

உப்புவெளி வாசகர்: பழைய தரவுத்தளத்தில் பெயர்கள் பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் காட்டும் பழைய எழுத்துரு) இருக்கின்றன. ஜாவாஎஃப்எக்ஸில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது.

பாமினி எழுத்துருவைச் செயலியில் ஏற்றினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஆனால் தேடலும் அகரவரிசையும் வேலை செய்யாது. ஒரே தடவையாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கெட்டுவிடும். 'கொ' பாமினியில் மூன்று துண்டு: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில். ஆகவே மூன்று துண்டுச் சேர்க்கைகளை முதலில் மாற்றி, அடுத்து இரண்டு, கடைசியில் தனியெழுத்து என்று போக வேண்டும். மாற்றும் முன் தரவுத்தளத்துக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

யூனிகோடு எழுத்துருவைச் செயலியோடு அனுப்புவதானால் ஃபொன்ட்.லோட்ஃபொன்ட் தரும் விடையைச் சோதியுங்கள். கோப்பு கிடைக்காவிட்டால் பிழை காட்டாது, 'நல்' (null, ஒன்றுமில்லை) என்று தரும். சிஎஸ்எஸ்ஸில் எழுத வேண்டியது எழுத்துருக் குடும்பத்தின் பெயர், கோப்பின் பெயரல்ல.

கிண்ணியா, மீன் மொத்த வியாபாரம்: கணக்குச் செயலியை ஜாவா இல்லாத மீன்வாடிக் கணினிக்கு எப்படிக் கொண்டுபோவது?

ஜேபேக்கேஜ். ஜாவா 16 முதல் ஜேடிகேயின் நிரந்தரப் பகுதி. ஜாவாவையும் உங்கள் செயலியையும் ஒன்றாகக் கட்டித் தரும். விண்டோஸ் நிறுவியை விண்டோஸில்தான் கட்ட முடியும். ஜார் கோப்பையும் (நிரலைக் கட்டிய பொதி) அங்கேயே கட்டுங்கள்; மேவன் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ அதற்குரிய ஜாவாஎஃப்எக்ஸைத்தான் எடுக்கும். ஜேபேக்கேஜ் கட்டளையின் டைப் இடத்தில் ஆப்-இமேஜ் கொடுத்தால் ஒரு கோப்புறை கிடைக்கும், பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு போகலாம். இஎக்ஸ்இ (exe) அல்லது எம்எஸ்ஐ (msi) நிறுவி வேண்டுமென்றால், நிறுவி கட்டும் விக்ஸ் டூல்செட்டை நிறுவி, அதனுள் இருக்கும் bin கோப்புறையை விண்டோஸின் பாத் (PATH) பட்டியலில் சேர்க்க வேண்டும். ஜேடிகே 21க்கு விக்ஸ் 3 வரிசை. மெயின் கிளாஸாக மேலே சொன்ன லோஞ்சரைக் கொடுங்கள்.

உங்கள் மடிக்கணினியில் நன்றாக ஓடியது வாடியில் "ரீட்ஒன்லி டேட்டாபேஸ்" என்று அடம்பிடித்தால், எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பு செயலியின் கோப்புறையிலேயே இருக்கிறது என்று அர்த்தம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத விண்டோஸ் சாதாரணப் பயனரை விடாது. யூசர்.ஹோம் பண்பிலிருந்து பயனரின் கோப்புறையைக் கண்டுபிடித்து, அதற்குள் ஒரு கோப்புறை உருவாக்கித் தரவுக் கோப்பை அங்கே வையுங்கள். அடுத்த பதிப்பை நிறுவும்போது கணக்கும் அழியாது. பதிப்பு எண்ணை உயர்த்தி, ஜேபேக்கேஜின் வின்-அப்கிரேட்-யூயூஐடிக்கு (செயலியின் அடையாளக் குறி) ஒவ்வொரு தடவையும் அதே குறியையே கொடுங்கள். குறி மாறினால் பழையது போகாமல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.