மூக்கோட நிழல் எந்தப் பக்கம் விழுது? – போட்டோ கேள்வி பதில்

போட்டோ எடுக்கிறது பத்தி கேளுங்கன்னு போன இதழ்ல ஒரு வரிதான் எழுதினேன், வந்ததுல பாதி 'எந்த கேமரா வாங்கலாம் சார்'. அதை அப்படியே ஓரமா வச்சுட்டு மீதிக்கு வர்றேன்.

கே: வீட்டுக்குள்ள போன்ல எடுத்தா முகம் சப்பையா, களையே இல்லாம வருது சார். அதே ஆளை வாசல்ல நிக்க வச்சா நல்லா இருக்கு. நல்ல கேமரா வாங்கினா சரியாயிடுமா? – வாசகி ஒருவர்

ப: பதிலை நீங்களே கேள்விக்குள்ள எழுதிட்டீங்க மேடம். ஆளும் அதே, போனும் அதே, மாறினது வெளிச்சம் மட்டும்தான். ரூம் லைட் உச்சந்தலைக்கு மேலேருந்து விழுது, கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிடுது, சரின்னு பிளாஷ் போட்டா அது நேரா மூஞ்சில அறைஞ்சு மூக்கு, கன்னம், நெத்தி எல்லாத்தையும் ஒரே மட்டமா தேய்ச்சு விட்டுடுது. பகல்ல ஒரு நாள் லைட் எல்லாத்தையும் அணைச்சுடுங்க (ஜன்னல் வெளிச்சம் ஒரு கலர், பல்பு ஒரு கலர், ரெண்டும் கலந்தா முகம் பாதி நீலம் பாதி மஞ்சள்). வீட்ல யாரையாவது ஜன்னலுக்கு ரெண்டடி தள்ளி, ஜன்னல் அவங்களுக்கு பக்கவாட்டுல வர்ற மாதிரி உக்கார வைங்க. போனைத் தொடாதீங்க, சும்மா பாருங்க. மூக்கோட நிழல் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னத்துல நீளமா விழும். முகத்தை கொஞ்சம் கொஞ்சமா ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்க, நிழல் சுருங்கிட்டே வரும், இருட்டா கிடந்த அந்தப் பக்கத்துக் கண்ணுல திடீர்னு ஜன்னலே குட்டியா ஒரு வெள்ளைப் புள்ளியா மின்னும். அங்க நிறுத்துங்க, இப்ப எடுங்க. அதே ஆளை இன்னும் நாலடி உள்ள தள்ளி உக்கார வச்சா வெளிச்சம் மளமளன்னு விழுந்துடும், நம்ம கண்ணு தானா சரி பண்ணிக்கிறதால நமக்கு அது உறைக்காது, போன் பாவம் அதுக்கு உறைக்கும்.

அப்புறம் லென்ஸைத் துடைங்க. நாள் பூரா கையிலயும் பாக்கெட்டுலயும் கிடக்கிற சாமான் அது, மங்கலா வருதுன்னு என்கிட்ட காட்டின போன்ல முக்கால்வாசி விரல் ரேகைதான்.

கே: எங்க ரெண்டு வயசுப் பையனை எடுத்தா எல்லாமே பிளர். கேமராதான், போன் இல்ல. என் கை ஆடுதா, அவன் ஆடுறானா?

ப: படத்தை பெருசாக்கி பின்னாடி இருக்கிற சோபாவைப் பாருங்க. சோபா கிண்ணுனு இருந்து பையன் மட்டும் கலைஞ்சிருந்தா ஆடினது அவன், சோபாவும் சேர்ந்து இழுத்திருந்தா ஆடினது நீங்க. கை ஆட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, 50 எம்எம் லென்ஸ்னா ஷட்டர் (வெளிச்சம் உள்ள வர கதவு திறந்திருக்கிற நேரம்) 1/50 செகண்டை விட மெதுவா இருக்கக் கூடாது, 200 எம்எம்னா 1/200. ஆனா ஓடுற பிள்ளைக்கு அதெல்லாம் பத்தாது, 1/500 வைங்க. வீட்டுக்குள்ள அவ்ளோ வேகத்துக்கு வெளிச்சம் காணாது, ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை எவ்ளோ கூட்டிக் காட்டணும்ங்கிற எண்) 3200 வரைக்கும்கூட ஏத்த வேண்டி வரும், படத்துல புள்ளி புள்ளியா வரும், வந்துட்டுப் போகட்டும். புள்ளி இருந்தாலும் முகம் தெரியும், பிளர் ஆனா ஒண்ணும் தெரியாது. நான் ஒருதடவை ராத்திரி ஸ்டாண்ட்ல வச்சு எடுக்கிறதுக்காக 1/15 வச்சுட்டு மாத்தாம மறுநாள் அக்கா பொண்ணு பர்த்டேக்குப் போனேன், மெழுகுவத்தி ஊதின படம் அத்தனையும் கரைஞ்ச சோப்பு மாதிரி. அந்தப் பொண்ணு இன்னும் சொல்லிக் காட்டுறா.

கே: எஃப் நம்பர் குறைஞ்சா வெளிச்சம் கூடுதாமே, தலைகீழா இருக்கே அண்ணா? – கல்லூரி மாணவர்

ப: தலைகீழ் இல்ல தம்பி, அது வகுத்தல். லென்ஸோட எம்எம்மை அந்த நம்பரால வகுத்தா, லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையுற ஓட்டையோட அகலம். 50 எம்எம் லென்ஸ்ல எஃப் 2ன்னா 25 எம்எம் ஓட்டை, எஃப் 16ன்னா 3 எம்எம் சொச்சம். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, இதுல ஒவ்வொரு படி தாண்டும்போதும் ஓட்டையோட பரப்பு பாதியாகுது, அதனால வெளிச்சமும் பாதி. மனப்பாடம் பண்ணவே வேணாம், மேகம் இல்லாத நல்ல வெயில்ல எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 பக்கம் வச்சா படம் சரியா விழும், அங்கேருந்து ஓட்டையை ஒரு படி திறந்தா ஷட்டரை ஒரு படி வேகமாக்கு, கை தானா பழகிடும்.

கே: செல்ஃபில மட்டும் ஏன் சார் என் மூக்கு இவ்ளோ பெருசு?

ப: மூக்கு மேல தப்பில்ல, தூரம்தான். கையை மடக்கி 30 செ.மீ.ல பிடிச்சா மூக்கு 30ல இருக்கு, காது அதுக்கு ஒரு 12 செ.மீ. பின்னாடி, 42ல. மூக்கை விட காது கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு தூரம், கிட்ட இருக்கிறதுதானே பெருசா தெரியும். வேற யாரையாவது ஒண்ணரை மீட்டர் தள்ளி நின்னு எடுக்கச் சொல்லுங்க, இப்ப 150க்கும் 162க்கும் என்ன பெரிய வித்தியாசம்? தள்ளி நின்னா ஆள் சின்னதா தெரியுறாங்கன்னா 2எக்ஸ் ஜூம் போட்டுக்கலாம், கிட்ட மட்டும் வராதீங்க.

கே: வெள்ளைச் சுவர் முன்னாடி எடுத்தா சுவர் அழுக்கா வருது, எங்க கறுப்புப் பூனையை எடுத்தா சாம்பல் பூனையா வருது!

ப: கேமராவுக்கு அது சுவரா பூனையான்னு தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பல்னு நினைச்சுக்கும். வெள்ளைக்கு எக்ஸ்போஷரை (படத்துக்குள்ள விழுற வெளிச்சத்தோட அளவு) +1 ஏத்துங்க, கறுப்புக்கு -1 இறக்குங்க. போன்ல திரையைத் தொட்டா ஒரு சூரியப் படம் வரும், அதை மேல கீழ இழுத்தா அதே வேலைதான்.

கே: 12 மெகாபிக்சல் போதுமா?

ப: ஒரு மெகாபிக்சல்னா பத்து லட்சம் புள்ளி. 6க்கு 4 இஞ்ச் பிரிண்டுக்கு இஞ்சுக்கு 300 புள்ளி வச்சாலும் 1800க்கு 1200தான், 22 லட்சம் புள்ளிகூட இல்ல. உங்ககிட்ட இருக்கிறது ஒண்ணே கால் கோடிக்கு கொஞ்சம் கம்மி. போதும்.

கே: ஒரு நாளைக்கு 200 படம் எடுக்கிறேன், ஒண்ணும் தேறல.

ப: ஃபிலிம் ரோல்ல 36தான் இருந்துச்சு. ஒரு வாரம் நாளைக்கு 36ன்னு வச்சுக்கங்க, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு வாய்விட்டு சொல்லிட்டு அமுக்குங்க, பக்கத்துல இருக்கிறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும். ராத்திரி உக்காந்து 35ஐ அழிங்க. எதை வச்சுக்கிறதுன்னு முழிப்பீங்க இல்ல, அந்த அரை மணி நேரத்தை என்ன ஆனாலும் விட்டுடாதீங்க. ஏழு நாள் முடிஞ்சதும் அந்த ஏழு படத்தை மட்டும் அனுப்புங்க, பாத்துட்டு எழுதுறேன்.