சிவப்பு உடைக்குத் தனி பலமா?

கேள்வி: சண்டை விளையாட்டுகளில் சிவப்பு உடைக்காரரே அதிகம் ஜெயிக்கிறாராமே, நிஜமா?

பதில்: ஓரளவுக்கு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, டேக்வாண்டோ, மல்யுத்தப் போட்டிகளில் சிவப்பும் நீலமும் வீரர்களின் விருப்பம் பாராமல் ஒதுக்கப்பட்டன. சிவப்பு சுமார் 55 சதவீதம் வென்றது. சமபலம் கொண்டவர்கள் மோதியபோது சுமார் 60. பலவீனமானவரை நிறம் காப்பாற்றாது. பிந்தைய ஆய்வுகள் சிலவற்றில் இந்தச் சாதகம் தெரியவே இல்லை.

நடுவர் கண்ணைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். 2008-ல் 42 டேக்வாண்டோ நடுவர்களுக்கு ஒரே வீடியோவில் உடை நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். சிவப்புக்குச் சுமார் 13 சதவீதம் கூடுதல் புள்ளி விழுந்தது. அடியைத் தானே பதிவுசெய்யும் மின்னணு மார்புக்கவசம் இந்தச் சாய்வைக் குறைக்கும்.

இயற்கையிலும் சிவப்பு பலத்தின் அடையாளமா? மாண்ட்ரில் குரங்கில் தலைமை ஆணின் முகச்சிவப்பு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோடு கூடும்; தலைமை பறிபோனால் மங்கும்.